தேதி இல்லாத காயம்

அமெரிக்காவில் வேலையில் அடிபட்ட தொழிலாளி இழப்பீடு கேட்டுப் போனால் முதலில் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். மாநிலத்துக்கு மாநிலம் படிவம் மாறும். ஒரு கட்டம் மட்டும் மாறாது. காயம் பட்ட தேதி என்ன? அறுக்கும் எந்திரத்தில் விரலை இழந்தவர் தேதியோடு மணியையும் சேர்த்தே எழுதிவிடுவார். கோழி இறைச்சி ஆலையில் நகரும் வரிசை முன்னால் நின்று ஒரே வெட்டை வருடக்கணக்கில் வெட்டியவர், ஒரு நள்ளிரவில் கை மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்து உதறுகிறார். அவர் எந்தத் தேதியை எழுதுவது? முதலில் வலித்த நாளையா, மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன நாளையா, கத்தி கையிலிருந்து நழுவிய நாளையா?

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் பிறந்ததே ‘விபத்து’ என்ற சொல்லைச் சுற்றித்தான். அதனால் அந்தச் சின்னக் கட்டத்தில் ஒரு பெரிய வழக்கு ஒளிந்திருக்கிறது. கைக்கு உண்மையில் என்ன நேர்கிறது என்று பார்த்துவிட்டு வழக்குக்கு வருவோம்.

வலது முன்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே சதை புடைத்து அசையும். விரலை மடக்கும் பலத்தில் பெரும்பங்கு இருப்பது அங்கேதான். அங்கிருந்து தசைநாண்கள் நீண்டு, மணிக்கட்டைக் கடந்து, விரல் எலும்புகளில் போய்ப் பிடிக்கின்றன. கடக்கும் இடம்தான் நெருக்கடியானது. எட்டுச் சிறு எலும்புகள் வளைவாக அடுக்கி நிற்க, அவற்றின் மேல் தடித்த நார்ப்பட்டை ஒன்று குறுக்கே இழுத்து மூடியிருக்கிறது. இந்தக் குறுகிய வழிக்குக் கார்ப்பல் டனல் என்று பெயர். நான்கு விரல்களுக்கு இரண்டிரண்டாக எட்டு, கட்டைவிரலுக்கு ஒன்று என ஒன்பது தசைநாண்கள் இதற்குள் போகின்றன. கூடவே மீடியன் நரம்பும் போகிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தருவது இந்த நரம்பு. எலும்பு விரிந்து கொடுக்காது, நார்ப்பட்டையும் கொடுக்காது. உள்ளே எது தடித்தாலும் நசுங்குவது நரம்புதான்; அதுவே கார்ப்பல் டனல் நோய்.

தசைநாண்களைச் சுற்றி வழுவழுப்பான உறை உண்டு. ஒவ்வொரு முறை விரல் மடங்கும்போதும் நாண் அந்த உறைக்குள் வழுக்கிப் போய் வருகிறது. ஒரு நாளைக்குப் பல ஆயிரம் முறை, அதுவும் பலமாகப் பிடித்தபடி இது நடந்தால் உறையை ஒட்டிய திசு தடிக்கத் தொடங்கும். அறுவையின்போது எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், அழற்சிக்கான அணுக்கள் அதில் அதிகம் இல்லை, தழும்பு போல் நார் படர்ந்து கெட்டிப்பட்டிருக்கிறது என்கிறார்கள். அதாவது பழைய வேலை உள்ளே படிந்து கிடக்கிறது.

1981-இல் ரிச்சர்ட் கெல்பர்மேன் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்த வழிக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். நோய் இல்லாதவர்களுக்குச் சராசரி 2.5 மில்லிமீட்டர் பாதரசம், நோயாளிகளுக்கு 32. மணிக்கட்டை முழுதாக மடக்கினால் நோயாளியின் கையில் அது 90-ஐத் தாண்டியது, பின்பக்கம் வளைத்தால் 100-ஐயும் தாண்டியது. 30-ஐ ஒட்டிய அழுத்தம் நீடித்தாலே நரம்புக்குள் ஓடும் நுண்குழாய்களில் இரத்த ஓட்டம் தடுமாறும். முதலில் கெடுவது நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறை. அதனால் செய்தி மெதுவாகப் போகும். அழுத்தம் தொடர்ந்தால் இழையே அழியும், கட்டைவிரலின் அடிச்சதை வற்றும், சட்டைப் பித்தானைப் போட முடியாமல் போகும். இரவில் உபாதை கூடுவதற்குக் காரணம், தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்வதும், படுத்த நிலையில் உடலின் நீர் கைப்பக்கம் பரவுவதும்.

வேலையால் மட்டுமே இது வருவதில்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம், உடல் பருமன் எல்லாம் இதே வழியைக் குறுக்குகின்றன. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாக வருகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம்.

கையால் செய்யும் வேலை கையையே கெடுக்கும் என்பதைப் படித்தவர்களின் உலகுக்கு எழுத்தில் எடுத்துச் சொன்னவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாத்சினி. தொழில் நோய்களைப் பற்றிய அவருடைய நூல் 1700-இல் மோதெனாவில் வெளியானது. விரிவாக்கிய பதிப்பு 1713-இல் வந்தது. எழுத்தர்களின் உபாதைக்கு அவர் மூன்று காரணங்கள் சொன்னார்: உட்கார்ந்தே இருப்பது, கையை ஒரே திசையில் ஓயாமல் அசைப்பது, கணக்கில் பிழை வந்துவிடுமோ என்ற மன அழுத்தம். அவருக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவருக்கு வலக்கை செயலிழந்தது. அவர் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். கொஞ்ச காலத்தில் அந்தக் கையும் அதே வழியில் போனது. மூன்றாவது காரணத்தை மட்டும் கவனத்தில் வையுங்கள், ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது தேவைப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்தி வந்தது. மோர்ஸ் சாவியை மேலும் கீழும் தட்டித் தட்டிப் புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பியவர்களின் கை ஒருநாள் கட்டளைக்குக் கீழ்ப்படிய மறுத்தது. அமெரிக்கத் தந்திக்காரர்கள் அதைக் ‘கண்ணாடிக் கை’ என்றார்கள். ஹொரேஸ் மார்ட்டின் என்பவர் 1904-இல் காப்புரிமை பெற்ற சாவியைப் பக்கவாட்டில் தள்ளினால் போதும். புள்ளிகளை அதிரும் கம்பி தானே தட்டிக்கொள்ளும். கருவியை மாற்றிக் கையைக் காப்பாற்றும் இந்த யோசனைக்கு நூற்றிருபது வயதாகிறது என்பதை இன்றைய அலுவலக நாற்காலி வியாபாரிகள் சொல்வதில்லை.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1906-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விபத்தோடு நில்லாமல் ஆறு நோய்களையும் ஒரு பட்டியலில் சேர்த்திருந்தது: ஆந்த்ராக்ஸ், ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், ஆர்செனிக் நச்சுகள், கொக்கிப்புழு நோய். 1908-இல் தந்திக்காரரின் கைப்பிடிப்பும் பட்டியலில் ஏறியது. மூன்று ஆண்டு கழித்து அஞ்சல் துறையின் குழு ஒன்று இதை ஆராய்ந்து, ஊழியரின் நரம்புத் தளர்ச்சியும் திரும்பத் திரும்ப வரும் களைப்பும் சேர்ந்தே இந்த நோய் என்று முடிவு சொன்னது. பாதி வேலையின் குற்றம், பாதி ஆளின் குற்றம். அந்தப் பாதிக்குப் பாதிப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

இழப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை ஒரு பேரம். 1884-இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி இதைத் தொடங்கியது. அமெரிக்காவில் நீதிமன்றத்தைத் தாண்டி நிலைத்த முதல் மாநிலச் சட்டம் 1911-இல் விஸ்கான்சினில் வந்தது. யார் தவறு என்று கேட்காமல் முதலாளி மருத்துவச் செலவையும் கூலியில் ஒரு பங்கையும் கொடுக்க வேண்டும்; பதிலுக்குத் தொழிலாளி வழக்குப் போட்டுப் பெருந்தொகை கேட்கும் உரிமையை விட்டுவிட வேண்டும். உறுப்புக்கு விலையும் எழுதி வைத்தார்கள். அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கான சட்டத்தில் ஒரு கை முழுதாகப் போனால் 244 வாரக் கணக்கு, கட்டைவிரலுக்கு 75 வாரம், சுட்டுவிரலுக்கு 46, சுண்டுவிரலுக்கு 15. படிக்க ஒரு மாதிரியாக இருந்தாலும் வாதாட்டத்தைத் தவிர்க்க அது உதவியது. ஒரே நிபந்தனை: இருப்பது காயம் என்றோ நோய் என்றோ முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வர்ஜீனியா மாநிலத்தில் மெல்ல வரும் கைக்காயம் இரண்டுமாக இல்லாமல் போனது. ‘விபத்தால் வந்த காயம்’ என்றால் இன்ன நேரத்தில் இன்ன சம்பவம் என்று காட்ட வேண்டும் என்பது அங்கே ஏற்கெனவே நிலைத்த தீர்ப்பு. அதனால் தொழிலாளர்கள் இதை ‘நோய்’ என்று சொல்லிக் கேட்டார்கள். 1996-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கதவையும் மூடியது. திரும்பத் திரும்ப அசைப்பதால் படிப்படியாக வருவது நோய் ஆகாது, அது காயம். படிப்படியாக வந்த காயம் விபத்து ஆகாது. இரண்டு வாக்கியமும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகவே தெரிகின்றன. சேர்த்துப் பார்த்தால், கை வீணானது உண்மை, வேலையால் வீணானது உண்மை, ஆனால் காசு கிடையாது.

அடுத்த வருடமே சட்டமன்றம் குறுக்கிட்டது. 1997 முதல் அங்கே கார்ப்பல் டனல் நோய்க்கு இழப்பீடு உண்டு. ஆனால் சட்டம் அதை வைத்த இடம் விசித்திரமானது. அது ‘தொழில் நோய்’ ஆகாதாம், ‘வாழ்க்கையில் சாதாரணமாக வரும் நோய்’தானாம். அப்படிப்பட்ட நோய் வேலையிலிருந்தே வந்தது என்று காட்ட, வழக்கமான அளவைவிடக் கூடுதலான, தெளிவும் நம்பகமும் கொண்ட சான்று வேண்டும். வேலையால் வந்ததற்குப் பணம் தருகிறோம், வேலையால் வந்தது என்று மட்டும் பெயர் வைக்க மாட்டோம் என்பதுதான் இதன் பொருள்.

மற்ற மாநிலங்கள் வேறு வழி கண்டன. இல்லினாயில் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் துணி பிரித்துப் பெரிய சலவை எந்திரங்களில் போட்டு எடுத்த பெண் ஒருவருக்குக் கார்ப்பல் டனல் வந்தது. 1987-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், கை ஒரே நாளில் முறிய வேண்டியதில்லை என்றது. காயமும் அதற்கு வேலைதான் காரணம் என்பதும் சாதாரண அறிவுள்ள ஒருவருக்கு வெளிப்படையாகத் தெரியவரும் நாளே காயத்தின் தேதி. கலிஃபோர்னியாச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: வேலை செய்ய முடியாமல் போனதும், அது வேலையால் வந்தது என்று அறிந்ததும் (அல்லது அறிந்திருக்க வேண்டியதும்) முதலில் கூடிய நாள். தேதி இல்லாத இடத்தில் சட்டம் ஒரு தேதியைச் செய்து வைக்கிறது. உடம்பில் அன்றைக்கு எதுவுமே நடந்திருக்காது. ஆளின் அறிவில் மட்டும் ஒன்று நடந்திருக்கும். எனக்கு இது நேர்மையான பொய்யாகவே படுகிறது. நோட்டீஸ் கொடுக்கும் கெடு, எந்தக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் தேதியைப் பிடித்தே ஓடுவதால் இந்தப் பொய் இல்லாமல் முடியாது.

அடுத்த முட்டல் அறிவியலோடு. 1987-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா சில்வர்ஸ்டீனும் அவருடைய சகாக்களும் தொழிற்சாலைத் தொழிலாளர் 652 பேரை ஆராய்ந்தார்கள். வேலையை நான்காகப் பிரித்தார்கள்: பலம் அதிகம் அல்லது குறைவு, அசைவு அடுக்கடுக்காக அல்லது நிதானமாக. முப்பது வினாடிக்குள் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கினால் அது அடுக்கடுக்கான வேலை. பலமும் குறைவு, அசைவும் குறைவு என்ற வேலைகளோடு ஒப்பிட்டால், இரண்டும் அதிகமான வேலைகளில் கார்ப்பல் டனல் நோய்க்கான வாய்ப்பு 15 மடங்குக்கு மேல். ஒன்று மட்டும் அதிகமாக இருந்தால் இவ்வளவு ஏறவில்லை. பத்து ஆண்டு கழித்து அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நயாஷ் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், வலுவான சான்று இந்தக் கூட்டுக்கே இருந்தது.

ஆய்வு சொல்வது கூட்டத்தைப் பற்றி. நீதிபதி முன்னால் நிற்பது ஒரே ஒரு கை. ஒரு வேலையில் இருப்பவர்களுக்கு நோய் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அங்கே நோய்ப்பட்ட இருவரில் ஒருவருக்கு அந்த வேலைக்குப் போகாமல் இருந்தாலும் வந்திருக்கும். யாருக்கு என்று எந்தப் பரிசோதனையும் காட்டாது. நீதிமன்றத்தின் வழக்கமான அளவுகோல் ‘இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு கூட’ என்பது; அதன்படி இரண்டு மடங்கைத் தாண்டினால் எல்லோருக்கும் பணம், தாண்டாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. இறைச்சி வெட்டுபவர் 15 மடங்கோடு சுலபமாகத் தாண்டுவார். விசைப்பலகை ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். 2001-இல் மேயோ கிளினிக் ஆய்விலும் 2003-இல் டென்மார்க்கின் பெரிய ஆய்விலும், கணினியில் அதிகம் தட்டுபவர்களுக்குக் கார்ப்பல் டனல் நோய் பொதுமக்களைவிடப் பெரிதாகக் கூடவில்லை. பத்திரிகைப் படங்களில் இந்த நோய் என்றாலே விசைப்பலகை மேல் ஒரு கை வருகிறது. சான்றை நம்பினால் அங்கே இருக்க வேண்டியது எலும்பு நீக்கும் கத்தி.

சரி, தட்டச்சு செய்பவர்களுக்கு வலிக்கவில்லையா? வலிக்கிறது. அந்த வலிக்குப் பெரும்பாலும் கார்ப்பல் டனலில் இடமில்லை என்பதுதான் விஷயம். திரும்பத் திரும்ப அசைப்பதால் வரும் காயங்களுக்கான ஆர்.எஸ்.ஐ. என்ற சுருக்கப் பெயரில் இரண்டு வகை சேர்ந்து கிடக்கிறது. ஒரு வகை இடம் சொல்லக்கூடியது: கார்ப்பல் டனல், 1895-இல் ஸ்விஸ் மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி கெர்வான் விவரித்த கட்டைவிரல் நாண் நோய், மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு ‘டக்’கென்று விடுபடும் நோய். மற்றது முன்கையில் தொடங்கித் தோள், கழுத்து வரை பரவும் வலி. அதில் ஸ்கேனும் சும்மா இருக்கும், நரம்புப் பரிசோதனையும் சும்மா இருக்கும்.

இந்த இரண்டாம் வகைதான் 1980-களின் ஆஸ்திரேலியாவை உலுக்கியது. டெலிகாம் ஆஸ்திரேலியா என்ற அரசுத் தொலைபேசி நிறுவனத்தில் மட்டும் 1981 முதல் 1985 வரை 4,000-ஐ நெருங்கும் கோரிக்கைகள் வந்தன. அதன் மருத்துவர் புரூஸ் ஹாக்கிங் கணக்கெடுத்தபோது வந்த விடை எல்லோரையும் விழிக்க வைத்தது. மிக வேகமாகத் தட்டிய தந்திப் பிரிவில் ஆயிரத்துக்கு 34 பேர். மிகக் குறைவாகத் தட்டிய தொலைபேசி இணைப்பாளர்களில் ஆயிரத்துக்கு 340-க்கும் மேல். தட்டுவதுதான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா வந்திருக்க வேண்டும்? எதிர்த்தரப்புக்கு இது போதுமானதாக இருந்தது. மன நோய் என்றார்கள், பணத்தாசை என்றார்கள், ‘கங்காரு பாதம்’ என்று கேலிப்பெயர் வைத்தார்கள். 1987-இல் விக்டோரியா உச்ச நீதிமன்றத்தில் அரசு ஊழியர் ஒருவர் தொடர்ந்த வழக்கு தோற்றது. அதற்கு முன்பே கோரிக்கைகள் வடியத் தொடங்கியிருந்தன.

நான் அந்த எண்களை வேறு மாதிரி வாசிக்கிறேன். விரல் தட்டும் எண்ணிக்கை ஒன்றே காரணம் என்ற எளிய கதையைத்தான் அவை முறிக்கின்றன, வலியை முறிக்கவில்லை. ராமாத்சினியின் மூன்றாவது காரணத்தை இங்கே எடுத்துக்கொள்ளலாம். வேலையின் வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள், எழுந்து நிற்க அனுமதி உண்டா, மேற்பார்வை எவ்வளவு நெருக்கம் என்பவை தோளையும் முன்கையையும் எவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்பதை மாற்றும். நீண்ட வலி நரம்பு மண்டலத்தையே கூருணர்வு கொள்ளச் செய்யும் என்பது இன்றைய வலி மருத்துவத்தில் பாலபாடம். 1980-களின் நீதிமன்றத்தில் அது செல்லாக் காசு. 1993-இல் லண்டனில் ஒரு பத்திரிகையாளரின் வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதி ஜான் ப்ராஸர், ஆர்.எஸ்.ஐ.க்கு மருத்துவ நூல்களில் இடமே இல்லை என்றார்.

இதனால் கார்ப்பல் டனல் நோய்க்கு ஒரு தனி அந்தஸ்து வந்தது. நரம்பில் மின்தூண்டல் கொடுத்து, மணிக்கட்டைக் கடக்கும்போது செய்தி எவ்வளவு தாமதிக்கிறது என்று அளக்கலாம்; காகிதத்தில் ஒரு எண் கிடைக்கும். எண் இருந்தால் சட்டம் மதிக்கும். அதிகமாகத் துன்புறுகிறவர் யார் என்பதும் அதிகமாக அளக்க முடிகிறவர் யார் என்பதும் வேறு வேறு கேள்விகள் என்றாலும், பணம் இரண்டாவதைப் பின்பற்றுகிறது. எண் கிடைத்த பிறகும் பேரம் முடிவதில்லை. சர்க்கரை நோயாளியின் மணிக்கட்டில் வேலையின் பங்கு எவ்வளவு? ஆளை அவர் இருக்கும் நிலையிலேயே முதலாளி ஏற்க வேண்டும் என்பது பழைய கொள்கை. கலிஃபோர்னியா 2004-இல் நிரந்தரப் பாதிப்புக்கான தொகையில் இதைத் தளர்த்தி, மற்ற காரணங்களின் விழுக்காட்டைக் கழிக்கச் சொன்னது. மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து, வேலைக்கு 70, சர்க்கரைக்கு 30 என்று எழுதுவார். அந்த 70-ஐயும் 30-ஐயும் அளக்கும் கருவி எதுவும் இல்லை.

பிரான்ஸ் இந்தக் குடைச்சலிலிருந்து பெருமளவு தப்பித்திருக்கிறது. அங்கே 57-ஆம் எண் அட்டவணையில் நோய், வேலையின் வகை, வேலையை விட்டபின் எத்தனை நாளுக்குள் கண்டறிய வேண்டும் என்பவை வரிசையாக உள்ளன. மூன்றும் பொருந்தினால் வேலைதான் காரணம் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். பிரான்சில் ஏற்கப்படும் தொழில் நோய்களில் மிகப் பெரும்பான்மை இப்படிப்பட்ட தசை, மூட்டு நோய்களே. அங்கே கைகள் அதிகம் கெடுகின்றன என்று நினைக்க வேண்டாம். கேட்கும் வழி திறந்திருக்கிறது.

நம் ஊரின் 1923 இழப்பீட்டுச் சட்டமும் பிரிட்டிஷ் பட்டியல் முறையைத்தான் பின்பற்றியது. பட்டியலில் இல்லாத நோய்க்கு, ஒரு குறிப்பிட்ட விபத்தால் நேரடியாக வந்தது என்று காட்டினாலொழிய இழப்பீடு கிடையாது. பனிப்பிரதேசத்தில் வரும் பார்வைக் கோளாறு பட்டியலில் இருக்கிறது. திருப்பூரில் நாளெல்லாம் பிசிறு வெட்டும் கைக்கு வரும் கார்ப்பல் டனல் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010 பட்டியலில் அந்த நோய் பெயரோடு இருந்தும் இந்த நிலை. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உள்ளவருக்கு வைத்தியம் கிடைக்கும். ஆனால் அதே கைவலி சாதாரண நோய் என்று பதிவானால் கூலியில் 70 விழுக்காடு, அதுவும் 91 நாள் வரை. வேலைக் காயம் என்று பதிவானால் 90 விழுக்காடு, முடியாமை நீடிக்கும்வரை.

இவ்வளவும் கை கெட்ட பிறகு நடக்கும் பேச்சு. கெடுவதற்கு முன்பே தடுக்க அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷா பத்தாண்டு முயன்று, 2000 நவம்பரில் ஒரு விதியை வெளியிட்டது. வேலையால் கை பாதிக்கப்பட்டு விலக்கி வைக்கப்படுபவருக்கு 90 நாள் வரை 90 விழுக்காடு ஊதியம் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. மாநிலங்களின் இழப்பீட்டுச் சட்டத்துக்குள் மத்திய அரசு கை வைக்கிறது என்று தொழில் அமைப்புகள் பிடித்துக்கொண்டது அந்தப் பிரிவைத்தான். 2001 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அடுத்தடுத்த நாளில் விதியை நிராகரித்தன. மார்ச் 20-இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். அந்த நிராகரிப்புச் சட்டத்தின்படி, நாடாளுமன்றமே புதிதாக அனுமதித்தாலன்றி ஏறக்குறைய அதே விதியை ஓஷா மறுபடி கொண்டுவர முடியாது. கலிஃபோர்னியாவில் 1997 முதல் மாநில அளவில் ஒரு விதி உண்டு. ஒரே வேலையைச் செய்யும் ஒருவருக்கு மருத்துவர் இந்தக் காயத்தைக் கண்டறிந்தால் அது செயல்படாது. பன்னிரண்டு மாதத்துக்குள் அதே வேலையில் இன்னொருவருக்கும் வந்தால்தான் முதலாளி வேலை முறையைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.